முடியிழந்த மரபில் ஒரு வரலாற்று அன்பர்
இளவரசர் பிரடெரிக் துலீப் சிங்கின் வாழ்வும் குடும்பமும்

முன்னுரை

வரலாற்றைப் பாடமாகப் பயிலும் நமக்கு மகாராஜா ரஞ்சித் சிங்கின் பெயர் புதியதன்று. 1799இல் லாகூரைக் கைப்பற்றியதும், 1801இல் முடிசூடியதும், சிதறிக் கிடந்த சீக்கியப் படைக்குழுக்களை ஒரே அரசாகத் திரட்டியதும், 1839இல் மறைந்ததும் நாம் படித்துத் தேர்விலும் எழுதுகின்ற செய்திகள். அவர் மறைந்த பத்தே ஆண்டுகளில் பஞ்சாப் ஆங்கிலக் கம்பெனியின் வசமாயிற்று என்ற வரியோடு அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது.

அரசு முடிந்த இடத்தில் அரச குடும்பமும் முடிந்துவிடுகிறதா? முடி பறிக்கப்பட்ட பின்னரும் அக்குடும்பத்தில் குழந்தைகள் பிறக்கிறார்கள், பள்ளிக்குச் செல்கிறார்கள், வளர்கிறார்கள், தாங்கள் யார் என்று தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். பாடநூலில் அவர்களுக்கு இடமில்லை. வென்றவர்க்கு ஓர் அத்தியாயம் உண்டு, தோற்றவர்க்கு ஒரு பத்தியேனும் உண்டு. தோற்றவரின் பிள்ளைகளுக்கோ அடிக்குறிப்புக்கூட இல்லை.

அத்தகைய ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன். அவர் ரஞ்சித் சிங்கின் பேரர், மகாராஜா துலீப் சிங்கின் இரண்டாம் மகன் இளவரசர் பிரடெரிக் துலீப் சிங். போர் வென்றவர் அல்லர். புரட்சி செய்தவரும் அல்லர். பழம்பொருள்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். ஆயினும் அவர் பாதுகாத்தது தம் பாட்டனாரின் நாட்டு வரலாற்றை அன்று; அந்நாட்டை விழுங்கியவர்களின் நாட்டு வரலாற்றை. இந்த முரண்பாடே என் சிந்தனையைத் தூண்டியது.

ஐந்து வயதில் அரசர், பத்து வயதில் அகதி

பிரடெரிக்கின் வாழ்வை உணர வேண்டுமாயின் அவருடைய தந்தையின் கதையைச் சற்றே அறிந்தாக வேண்டும். ரஞ்சித் சிங்குக்குப் பின் லாகூர் அரண்மனை கொலைக்களமாயிற்று. மூத்த மகன் கரக் சிங் 1840இல் மறைந்தார். அவருக்கு ஈமக்கடன் முடித்துத் திரும்பிய அதே நாளில் பேரன் நவ் நிகால் சிங், வாயில் வளைவு இடிந்து விழுந்து மாண்டார். அடுத்து வந்த ஷேர் சிங் 1843இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சியவர் மகாராணி ஜிந்த் கௌரின் மகன் துலீப். 1838 செப்டம்பர் 6ஆம் நாள் பிறந்த அக்குழந்தை தன் ஐந்தாம் வயதில் அரியணையில் அமர்த்தப்பட்டது.

1845-46, 1848-49 ஆகிய ஆண்டுகளில் நடந்த இரு போர்களில் சீக்கியப் படை தோற்றது. இதற்கிடையில் 1847இல் தாயும் மகனும் பிரிக்கப்பட்டனர். 1849 மார்ச் 29ஆம் நாள் பத்து வயதுச் சிறுவன் லாகூர் தர்பாரில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டான். அதன்படி நாடு கம்பெனிக்கு, கோகினூர் வைரம் இங்கிலாந்து அரசியாருக்கு. அவனுக்கும் உறவினர்க்கும் அரசின் பணியாளர்க்குமாக ஆண்டுக்கு நான்கு லட்சத்திற்குக் குறையாமலும் ஐந்து லட்சத்திற்கு மேற்படாமலும் உதவித்தொகை. பத்து வயதுச் சிறுவன் இட்ட கையெழுத்துக்கு எந்த நீதிமன்றத்தில் மதிப்புண்டு என்று நாம் கேட்கலாம். அன்று அதைக் கேட்பார் இல்லை.

பின்னர் அவர் கங்கைக் கரையிலுள்ள பதேகரில் டாக்டர் ஜான் லோகின் என்பவரின் பாதுகாப்பில் வளர்க்கப்பட்டார். 1853இல் கிறித்தவரானார். 1854இல் இங்கிலாந்து சேர்ந்தார். விக்டோரியா அரசியார் அவர்மீது அன்பைப் பொழிந்தார். புகழ்பெற்ற ஓவியர் விண்டர்ஹால்ட்டரைக் கொண்டு அவருடைய உருவத்தை எழுதுவித்தார். அந்த ஓவியம் எழுதப்பட்ட நாள்களில்தான், வெட்டிச் சிறுக்கப்பட்ட கோகினூரை அவர் மீண்டும் கையில் வாங்கிப் பார்க்க நேர்ந்தது. பார்த்துவிட்டு அரசியாரிடமே திருப்பித் தந்தார். வேறு என்ன செய்ய இயலும்?

1861இல் கல்கத்தாவில் தாயைச் சந்தித்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்த அத்தாய்க்கு அப்போது கண்பார்வை மங்கிவிட்டது. மகனோடு இங்கிலாந்து சென்ற ஜிந்த் கௌர் 1863இல் லண்டனில் மறைந்தார். இழந்தது எது, எவ்வாறு இழந்தோம் என்பதை மகனின் உள்ளத்தில் மீண்டும் பதித்துச் சென்றவர் அவரே என்று அறிஞர் கூறுவர்.

பல நாடுகள் கலந்த குடும்பம்

தாயின் உடலை எரியூட்ட இந்தியா வந்து திரும்பும் வழியில், 1864 ஜூன் 7ஆம் நாள் அலெக்சாந்திரியா நகரில் துலீப் சிங் மணம் புரிந்துகொண்டார். மணமகள் பம்பா முல்லர். தந்தை ஜெர்மானிய வணிகர். தாய் எத்தியோப்பிய வழியினர். கெய்ரோவில் அமெரிக்கக் கிறித்தவத் தொண்டர்கள் நடத்திய பள்ளியில் வளர்ந்த இளம்பெண் அவர்.

மணமக்கள் இங்கிலாந்தின் சபோக் மாவட்டத்தில் எல்வெடன் என்னும் பெரும்பண்ணையில் வாழ்ந்தனர். அதன் பரப்பு ஏறத்தாழ 17,000 ஏக்கர். வெளியே பார்த்தால் ஆங்கிலப் பிரபுவின் மாளிகை. உள்ளே சென்றால் லாகூர் அரண்மனையை நினைவூட்டும் வளைவுகளும் கண்ணாடிப் பதிப்புகளும் பூ வேலைப்பாடுகளும். சிறு வயதில் விட்டு வந்த வீட்டைச் சுண்ணத்தாலும் கண்ணாடியாலும் அவர் மீண்டும் கட்டிப் பார்த்தார் போலும்.

முதற் குழந்தை பிறந்த மறுநாளே இறந்தது. பின்னர் ஆறு பேர் பிறந்தனர். 1866இல் விக்டர், 1868 ஜனவரி 23ஆம் நாள் பிரடெரிக், 1869இல் பம்பா, 1871இல் கேத்தரீன், 1876இல் சோபியா, 1879இல் எட்வர்டு. பஞ்சாபும் ஜெர்மனியும் எத்தியோப்பியாவும் எகிப்தும் இங்கிலாந்தும் இந்த ஆறு குழந்தைகளிடம் சந்தித்தன எனலாம். இவர்களுக்கு நாடு எது? மொழி எது? கேள்வி எளிது, விடைதான் ஆறு பேருக்கும் வெவ்வேறாக அமைந்தது.

ஏடனில் நின்ற கப்பல்

ஆண்டுகள் செல்லச் செல்லத் துலீப் சிங்கின் கடன் வளர்ந்தது, மனக்குறையும் வளர்ந்தது. தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட குடும்பச் சொத்துகளுக்குக் கணக்குக் கேட்டார். அரசாங்கம் செவி சாய்க்கவில்லை. 1886இல் எல்வெடனைத் துறந்து, மனைவி மக்களுடன் இந்தியாவுக்குக் கப்பலேறினார். ஏடன் துறைமுகத்தில் அவர் தடுத்து நிறுத்தப்பட்டார். பஞ்சாப் மண்ணில் அவர் கால் வைத்தால் என்ன நேருமோ என்று அரசாங்கம் அஞ்சியது. மனைவியும் மக்களும் இங்கிலாந்து திரும்பினர். அவர் ஏடனிலேயே மீண்டும் சீக்கிய நெறியைத் தழுவினார். பிறகு பாரிசுக்கும் ரஷ்யாவுக்கும் அலைந்து, ஆங்கிலேயரை எதிர்க்க உதவி தேடித் தோற்றார்.

அப்போது பிரடெரிக்குக்கு வயது பதினெட்டு. மறு ஆண்டே, 1887இல், தாய் பம்பா இறந்தார். 1893 மே முதல் நாள் பதின்மூன்று வயதுத் தம்பி எட்வர்டு இறந்தான். அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் தந்தையும் பாரிசில் இறந்தார். அவருடைய உடல் எல்வெடனுக்குக் கொண்டுவரப்பட்டு, மனைவி, இளைய மகன் ஆகியோரின் கல்லறைகளுக்கு அருகே கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. மதம் மாறித் தாய்நெறிக்குத் திரும்பியவருக்கு இறுதியில் அந்த நெறிப்படி எரியும் உரிமையும் கிட்டவில்லை. மறு ஆண்டு எல்வெடன் பண்ணை கின்னஸ் குடும்பத்தாருக்கு விற்கப்பட்டது. இருபத்தாறு வயதில் பிரடெரிக்குக்குத் தந்தையில்லை, தாயில்லை, பிறந்து வளர்ந்த வீடும் இல்லை.

அண்ணனும் தம்பியும்

மூத்தவர் விக்டரும் இளையவர் பிரடெரிக்கும் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்றனர். ஆனால் இருவரும் இருவேறு பாதையில் சென்றனர். விக்டர் படையதிகாரியானார். 1898இல் கவன்ட்ரி பிரபுவின் மகள் ஆன் என்பவரை மணந்தார். ஓர் இந்திய இளவரசருக்கும் ஆங்கிலப் பிரபுவின் மகளுக்கும் நடந்த அத்திருமணம் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் சூதாட்டமும் ஆடம்பரமும் அவரை விழுங்கின. 1902இல் கடன் தீர்க்க இயலாதவர் என்று அறிவிக்கப்பட்டார். 1918இல் மான்டி கார்லோவில் பிள்ளையின்றி மறைந்தார்.

பிரடெரிக் கேம்பிரிட்ஜில் மாக்டலீன் கல்லூரியில் பயின்றது வரலாறு. தொண்டர் குதிரைப்படையில், முதலில் சபோக் அணியிலும் பின்னர் நார்போக் அணியிலும் சேர்ந்து மேஜர் நிலைக்கு உயர்ந்தார். 1909இல் விலகியவர், 1914இல் உலகப் போர் மூண்டதும் நாற்பத்தாறாம் வயதில் மீண்டும் படையில் சேர்ந்தார், பிரான்சிலும் பணியாற்றினார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

அகழி சூழ்ந்த பழைய வீடு

பிரடெரிக் தம் வாழ்வின் பிற்பகுதியை நார்போக் மாவட்டத்தில் புளோ நார்ட்டன் என்னும் சிற்றூரில் கழித்தார். அங்கே அகழி சூழ்ந்த பழைய மாளிகை ஒன்றில் குடியிருந்தார். எலிசபெத் அரசி காலத்தைச் சேர்ந்தது அது. 1906ஆம் ஆண்டுக் கோடையில் அதே மாளிகையில் சில நாள் தங்கியிருந்த ஓர் இளம்பெண் பின்னாளில் வர்ஜீனியா உல்ப் என்ற பெயரில் பெரும் எழுத்தாளரானார் என்பது சுவையான செய்தி.

அவ்வூரைச் சுற்றியுள்ள பகுதியில் பழைய தேவாலயங்களும் பண்ணை மாளிகைகளும் மிகுதி. பல பழுதுபட்டுக் கிடந்தன. வேளாண்மை வருவாய் குறைந்து, வாரிசுரிமை வரியும் ஏறியதால், பழங்குடும்பங்கள் வீட்டையும் வீட்டிலுள்ள பொருள்களையும் விற்கத் தொடங்கிய காலம் அது. ஒரு வீடு விலைபோகும்போது சுவரில் தொங்கிய ஓவியங்கள் சிதறிப் போகும். ஓவியத்தில் இருப்பவர் யார் என்பதை அறிந்த கடைசி மனிதரும் இறந்துவிட்டால், அதன்பின் அந்த முகத்துக்குப் பெயரில்லை.

பிரடெரிக் இதைக் கண்டார். ஒவ்வொரு மாளிகையாகச் சென்று அங்கிருந்த உருவ ஓவியங்களைப் பற்றிக் குறிப்பெடுத்தார். இப்பணி எளிதன்று. பெயரெழுதாத ஓவியத்தில் இருப்பவரைக் கண்டறிய வேண்டுமானால் உடையின் பாணியைக் கொண்டு காலத்தைக் கணிக்க வேண்டும். மூலையில் தீட்டிய குலச்சின்னத்தைப் படிக்க வேண்டும். திருமணப் பதிவுகளோடும் உயில்களோடும் ஒப்பிட வேண்டும். குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதையைக் கேட்க வேண்டும், அதை அப்படியே நம்பிவிடாமலும் இருக்க வேண்டும். வரலாற்று ஆய்வுமுறை என்று நாம் வகுப்பில் படிப்பவையெல்லாம் இதில் அடங்கிவிடுகின்றன.

அவர் திரட்டிய குறிப்புகள், அவர் மறைந்த பின்னர் 1928இல், எட்மண்டு பாரர் என்னும் பாதிரியாரால் பதிப்பிக்கப்பெற்று 'நார்போக் வீடுகளிலுள்ள உருவ ஓவியங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. அந்த வீடுகள் சில இடிந்தும் ஓவியங்கள் பல கைமாறியும் போன பிறகு, இன்ன வீட்டின் சுவரில் இன்னார் இருந்தார் என்பதற்கு அந்நூலே சான்றாக நிற்கிறது. லண்டனிலுள்ள தொல்பொருள் ஆய்வாளர் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. பாழடைந்த பழைய தேவாலயங்களைப் பழுதுபார்க்கவும் அவர் துணை நின்றார்.

ஊருக்கு ஓர் அருங்காட்சியகம்

எல்வெடனுக்கு அருகிலுள்ள சிறு நகரம் தெட்போர்டு. அங்கே 1490ஆம் ஆண்டளவில் ஒரு வணிகர் கட்டிய மரச்சட்ட வீடு இன்றும் உள்ளது. செதுக்கிய உத்திரங்களும் அகன்ற அடுப்பும் கொண்ட அவ்வீட்டைப் பிரடெரிக் 1921இல் ஊர் மக்களுக்கு நன்கொடையாக அளித்தார். 1924இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 'பழமையில்லம்' என்ற பொருள் தரும் பெயரோடு நூறாண்டு கடந்து அது இன்றும் நடைபெறுகிறது. தம்மிடமிருந்த ஓவியங்களையும் அவர் அந்நகருக்கே விட்டுச் சென்றார்.

மனித உரிமைகளைப் பற்றி எழுதி மன்னராட்சியை எதிர்த்த தாமஸ் பெயின் 1737இல் பிறந்த ஊரும் இதே தெட்போர்டுதான். அந்த ஊருக்கு அருங்காட்சியகம் தந்தவரோ மன்னராட்சியை மனமார நேசித்த ஓர் இளவரசர்! வரலாறு சில வேளைகளில் இப்படித்தான் நகைக்கிறது.

தோற்ற மன்னர்மீது பற்று

பிரடெரிக்குக்கு ஒரு தனிப்பற்று இருந்தது. இங்கிலாந்தில் அரியணையை இழந்த ஸ்டூவர்ட் மரபினர்மீது கொண்ட பற்று அது. முதலாம் சார்லஸ் மன்னர் 1649இல் தலை வெட்டப்பட்டார். அவருடைய மகன் இரண்டாம் ஜேம்ஸ் 1688இல் நாட்டைவிட்டு ஓடினார். அவருடைய பேரன் சார்லஸ் எட்வர்டு 1745இல் அரியணையை மீட்கப் படை திரட்டி, மறு ஆண்டு கல்லோடன் களத்தில் தோற்று, அயல்நாட்டில் அலைந்து மாண்டார். இம்மரபினரின் படங்களையும் நினைவுப் பொருள்களையும் பிரடெரிக் ஆர்வத்தோடு சேர்த்தார். சார்லஸ் மன்னரின் மரணத்துக்குக் காரணமான கிராம்வெல்லின் படத்தை மட்டும் தம் வீட்டுக் கழிப்பறையில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார் என்று கூறுவர்.

இதைப் படித்ததும் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணிப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு மறைந்தது. முடியிழந்த தந்தை, அயல்நாட்டில் அலைந்த வாழ்வு, உதவி தேடிச் சென்ற அரசவைகளில் கிடைத்த ஏமாற்றம், இறுதியில் அந்நிய மண்ணில் மரணம் - ஸ்டூவர்ட் மரபின் கதையும் துலீப் சிங்கின் கதையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி நிற்கின்றன! தம் குடும்பத்தின் துயரத்தை அவர் வெளிப்படையாகப் பேசியிருந்தால் அரசாங்கத்தின் ஐயத்திற்கு ஆளாகியிருப்பார். தாம் பெற்றுவந்த உதவித்தொகைக்கும் அதே அரசாங்கத்தையே அவர் நம்பியிருந்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தோற்ற ஆங்கில மன்னருக்காகக் கண்ணீர் விடுவதையோ எவரும் குற்றம் சொல்ல முடியாது. லாகூருக்காக விட வேண்டிய கண்ணீரை அவர் கல்லோடனுக்காக விட்டார் என்பது என் ஊகம். இது ஊகமே, ஆயினும் பொருத்தமற்ற ஊகம் என்று நான் எண்ணவில்லை.

மூன்று சகோதரியர்

பிரடெரிக்கைத் தனித்துப் பார்த்தால் அவருடைய உருவம் முழுமை பெறாது. ஒரே வீட்டில் பிறந்த அவருடைய தங்கையர் மூவரும் அதே கேள்விக்கு வேறு விடை கண்டனர்.

மூத்த தங்கை பம்பா, மருத்துவம் பயில அமெரிக்கா சென்றார். பெண்களுக்கான அக்கல்லூரி 1902இல் மூடப்பட்டதால் படிப்பு நின்றது. பின்னர் லாகூருக்கே சென்று, அங்கிருந்த மருத்துவக் கல்லூரியின் முதல்வர் சதர்லாண்டு என்பவரை 1915இல் மணந்து அந்நகரிலேயே வாழ்ந்தார். தம்மைப் பஞ்சாபின் அரசியாகவே கருதினார். 1947இல் நாடு பிரிந்து, சீக்கியர் லாகூரைவிட்டு வெளியேறிய பின்னரும் அவர் வெளியேறவில்லை. 1957 மார்ச் 10ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவர் வைத்திருந்த ஓவியங்களும் குடும்பப் பொருள்களும் லாகூர்க் கோட்டையில் அவர் பெயராலேயே ஒரு தொகுப்பாகப் பாதுகாக்கப்படுகின்றன.

அடுத்தவர் கேத்தரீன் ஆக்ஸ்போர்டில் சாமர்வில் கல்லூரியில் பயின்றார். தம் ஆசிரியையாக இருந்த ஜெர்மானியப் பெண்மணியோடு ஜெர்மனியில் காசல் நகரில் நெடுங்காலம் வாழ்ந்தார். ஹிட்லரின் ஆட்சியில் யூதக் குடும்பங்கள் சில தப்பிச் செல்லவும், இங்கிலாந்தில் நிலைகொள்ளவும் உதவினார். 1942இல் இங்கிலாந்தில் மறைந்தார். நாடற்றவரின் துன்பத்தை நாடிழந்த குடும்பத்துப் பெண் உணர்ந்ததில் வியப்பில்லை.

இளையவர் சோபியா விக்டோரியா அரசியாரின் ஞான மகள். ஹாம்ப்டன் அரண்மனையை ஒட்டி அரசியார் அளித்த வீட்டில் வாழ்ந்தார். அவ்வாறு வாழ்ந்துகொண்டே பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு அரசை எதிர்த்தார். 1910 நவம்பர் 18ஆம் நாள் ஏறத்தாழ முந்நூறு பெண்கள் நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்றபோது அவர் முன்னணியில் நின்றார். வாக்களிக்க உரிமையில்லாத நான் வரி மட்டும் ஏன் செலுத்த வேண்டும் என்று மறுத்ததால் அவருடைய நகைகள் ஏலத்திற்கு வந்தன. 1913இல் அதே அரண்மனை வாயிலில் நின்று போராட்ட இதழை விற்றார். உலகப் போரின்போது பிரைட்டனில் காயமுற்ற இந்தியப் படைவீரர்களுக்குத் தொண்டு செய்தார். 1947இல் இந்தியா விடுதலை பெற்றதை அறிந்து, 1948இல் மறைந்தார்.

இங்கே ஓர் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். 1924இல் தெட்போர்டில் அண்ணன் அளித்த வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதே 1924இல் தங்கை பம்பா, நாசிக்கில் இருந்த பாட்டி ஜிந்த் கௌரின் அஸ்தியை லாகூருக்குக் கொண்டு சென்று ரஞ்சித் சிங்கின் சமாதியில் சேர்ப்பித்தார். ஒருவர் வாழும் ஊரின் பழமையைக் காத்தார். மற்றவர் வந்த வழியின் பழமையைக் காத்தார். இருவரும் செய்தது ஒரே தொழில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதிப்பீடு

பிரடெரிக்கைப் பற்றி இருவகையான கருத்துகள் எழக்கூடும். முதலாவது, அவர் முற்றிலும் ஆங்கிலேயராகிவிட்டவர். தந்தையின் போராட்டத்தைத் தொடராதவர். ஆதலின் நினைக்கத் தக்கவர் அல்லர் என்பது. இரண்டாவது, அவர் பேரரசின் கைப்பாவை, பரிதாபத்திற்குரியவர் என்பது.

இவ்விரண்டையும் நான் ஏற்கவில்லை. போராட்டத்தைத் தொடரவில்லை என்று குற்றம் சாட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவருக்குப் பஞ்சாபில் நிலமில்லை, படையில்லை, வளர்ந்த நினைவும் இல்லை. தந்தை பத்து வயதில் பிரிந்த மண்ணை மகன் பிறப்பிலேயே இழந்திருந்தார். ஒரு குழந்தையைத் தன் மொழியினின்றும் மண்ணினின்றும் பெயர்த்தெடுத்து வளர்த்துவிட்டு, அதன் பிள்ளைகள் ஏன் அயலாராகிவிட்டனர் என்று கேட்பது நேர்மையாகாது. அவ்வாறு பெயர்த்தெடுத்ததே ஆதிக்கத்தின் நோக்கம். குற்றம் அங்கே இருக்கிறது, குழந்தையிடம் இல்லை.

அவரை வெறும் கைப்பாவை என்பதும் பொருந்தாது. ஆண்டுக்கணக்கில் வீடு வீடாகச் சென்று, பெயரிழந்த முகங்களுக்குப் பெயர் தேடித் தந்த உழைப்பு எவருடைய ஏவலாலும் நடந்ததன்று. தம் சொந்த வீட்டின் சுவரிலிருந்து எல்லாம் பறிபோவதைப் பார்த்து வளர்ந்தவர், பிறர் வீட்டுச் சுவரிலிருந்தாவது அவை பறிபோகாமல் தடுக்க முயன்றார்.

ஆயினும் ஒரு குறையை மறைக்க இயலவில்லை. அவருடைய அரிய ஆற்றல் பஞ்சாபுக்குப் பயன்பட்டிருந்தால்? லாகூரிலும் அமிர்தசரசிலும் உள்ள சீக்கியத் தலைவர்களின் மாளிகைகளுக்குச் சென்று, அங்கிருந்த சித்திரங்களையும் சுவடிகளையும் அவர் பதிவு செய்திருந்தால்? 1947இன் பெருங்குழப்பத்தில் அழிந்தவற்றில் எத்தனையோ நமக்குக் குறிப்பாகவேனும் கிடைத்திருக்கும். நாட்டின் செல்வத்தைக் கொண்டுபோவதோடு, அந்நாட்டின் மாந்தர் தம் நாட்டுக்குச் செய்யக்கூடிய பணியையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறது ஆதிக்கம். கோகினூரின் எடை நமக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன் 186 காரட், வெட்டிய பின் 105 காரட்டுக்குச் சற்று மேல். இவ்வாறு இழந்த மனித ஆற்றலை நிறுத்துப் பார்க்கத் தராசு ஏது?

முடிவுரை

1926 ஆகஸ்டு 15ஆம் நாள் பிரடெரிக் தம் ஐம்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்; புளோ நார்ட்டன் ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சரியாக இருபத்தோர் ஆண்டுகள் கழித்து அதே நாளில் இந்தியா விடுதலை பெற்றது. துலீப் சிங்குக்கு இரண்டாம் மனைவி வழியில் பிறந்த மகளிர் இருவரும் உட்பட, வளர்ந்து ஆளான ஏழு மக்களில் ஒருவருக்கும் வாரிசு நிலைக்கவில்லை. 1957இல் பம்பாவோடு அக்குடும்பம் முற்றுப் பெற்றது. 1999இல் தெட்போர்டு நகரில், ஆற்றுத் தீவொன்றில் துலீப் சிங்குக்குக் குதிரைமீது அமர்ந்த வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. உலகெங்குமுள்ள சீக்கியர் இன்று எல்வெடன் கல்லறைக்கும் தெட்போர்டு அருங்காட்சியகத்துக்கும் வந்து போகின்றனர். நார்போக்கின் வரலாற்றைக் காக்கப் பிரடெரிக் தந்த வீட்டிலேயே இன்று அவருடைய குடும்பத்தின் வரலாறும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அவர் எதிர்பாராத கைம்மாறு அது.

வரலாறு பயிலும் நண்பர்களே, நாம் எல்லோரும் பேரரசுகளைப் பற்றி நூல் எழுதப் போவதில்லை. ஆனால் நம் ஒவ்வொருவர் ஊரிலும் பெயர் தெரியாத ஒரு பழைய நிழற்படம் ஏதேனும் ஒரு வீட்டுச் சுவரில் மங்கிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய முதியவர் ஒருவர் அவ்வீட்டுத் திண்ணையில் இன்னும் அமர்ந்திருக்கலாம். இந்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் செல்லுங்கள். பெயரையும் ஆண்டையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாடிழந்த ஓர் இளவரசர் பிறர் நாட்டுக்குச் செய்த தொண்டை, நாடு பெற்ற நாம் நம் ஊருக்குச் செய்யக் கூடாதா?